கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஒரே நேரத்தில் படம் எடுத்து அபோபிஸின் தூரத்தை அளக்க முடியுமா?

மலைப்பூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். 2029 ஏப்ரல் 13 இரவு அபோபிஸ் சிறுகோள் பூமியை ஒட்டிப் போகப்போவது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பது 8 இஞ்ச் டாப்சோனியன் தொலைநோக்கி, ஒரு 10×50 பைனாகுலர், பழைய டிஎஸ்எல்ஆர், அதற்கு 50 எம்எம் லென்ஸ். இரண்டு சந்தேகம். மன்னவனூர், கூக்கால் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டுமா, கொடைக்கானல் டவுனிலிருந்தே தெரியுமா? சும்மா அண்ணாந்து பார்ப்பதைத் தாண்டி நம்மால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

மொட்டைமாடி:
தம்பி, அதன் மேக்னிட்யூட், அதாவது பிரகாச அளவு, 3.1 என்று போட்டிருக்கிறார்கள். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். அவ்வளவு பிரகாசமான ஒன்றைப் பார்க்க மலையேற வேண்டிய அவசியமே இல்லை. திண்டுக்கல்லில் என் வீட்டு மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். ஏப்ரல் மாதம் வேறு, சீசன் நேரம். 13 வெள்ளிக்கிழமை, மறுநாள் சித்திரை 1, அதற்கடுத்து ஞாயிறு. அன்றைக்கு மலையில் ரூம் வாடகை என்ன சொல்வான் என்று நினைத்துப் பாருங்கள். இ-பாஸ் அப்போதும் இருந்தால் அது வேறு.

நடுநிசி:
மொட்டைமாடி சொல்வதில் பாதி சரி. 3.1 என்பது மிக அருகில் வரும்போது எட்டும் அளவு. நம் நேரப்படி அது 14ஆம் தேதி அதிகாலை 3:16 வாக்கில். அப்போது அபோபிஸ் அட்லாண்டிக் கடலுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் இருக்கும். நம் வீட்டு டிஷ் ஆன்டெனாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ.யில் இருக்கின்றன, அதற்கும் உள்ளே புகுந்து போகிறது. ஆனால் அந்த நேரத்தில் அது நம் மேற்கு அடிவானத்தைத் தாண்டிப் போயிருக்கும். அந்தக் காட்சி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும்தான்.

நமக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய சில மணி நேரம். அது மோசமில்லை. தோராயக் கணக்கு சொல்கிறேன். இரவு 9 மணி வாக்கில் தெற்கு வானில், ஒன்றேகால் லட்சம் கி.மீ.க்கு மேல் தூரத்தில், 6ஆம் மேக்னிட்யூடை ஒட்டி இருக்கும். பைனாகுலரில் சுலபம். நள்ளிரவு தாண்டும்போது தென்மேற்கில், 70,000 முதல் 75,000 கி.மீ.க்குள், மேக்னிட்யூட் 4க்கும் 5க்கும் நடுவில். இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், ஆனால் டவுன் வெளிச்சத்தில் கஷ்டம். மலைக்கு வேலை இருப்பது இங்கேதான். அன்று அமாவாசை என்பது நம் அதிர்ஷ்டம். மன்னவனூர் வரை போகாவிட்டாலும் பரவாயில்லை. தெற்கும் மேற்கும் மரமோ மேடோ இல்லாமல் திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

8 இஞ்சை அன்று வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நள்ளிரவில் அது மணிக்குப் பன்னிரண்டு பாகை வேகத்தில் நகரும். ஒரு பாகை அகலம் தெரிகிற ஐபீஸில் அதைத் துரத்தித் துரத்தியே இரவு போய்விடும். எவ்வளவு பெரிய தொலைநோக்கியாக இருந்தாலும் ஒரு புள்ளிதான் தெரியும். 340 மீட்டர் பாறை அது.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இது இடிக்கப்போகிறது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அம்மா உண்மையிலேயே பயந்துபோய் இருக்கிறார். என்ன சொல்லட்டும்?

கேத்தி:
இடிக்காது என்று தைரியமாகச் சொல்லுங்கள். பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 2004 ஜூனில் கண்டுபிடித்தார்கள். அந்த டிசம்பர் 27ஆம் தேதி, 2029இல் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று கணக்கு வந்தது. அதுவரை எந்தச் சிறுகோளுக்கும் அவ்வளவு பெரிய எண் வந்ததில்லை. ஆனால் முந்தைய நாள்தான் சுனாமி. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில் இந்தச் செய்தியை நம் ஊரில் யார் படித்திருப்பார்கள்? அந்த வாரத்திலேயே பழைய படங்களில் அதைத் தேடிப் பிடித்து, 2029க்கு ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். 2021 மார்ச்சில் ராடாரில் அளந்த பிறகு அடுத்த நூறு வருடங்களுக்குக் கவலையே இல்லை என்று நாசா அறிவித்துவிட்டது.

2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் வந்தபோதும் இதே கூத்துதான். மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. புதிதாகக் கண்டுபிடித்த பொருளின் பாதை முதலில் ஒரு அகலமான பட்டையாகத்தான் தெரியும். அளவீடு சேரச் சேர அந்தப் பட்டை குறுகும். குறுகும்போதும் பூமி அதற்குள்ளேயே இருந்தால் சதவீதம் ஏறும், வெளியே போன அடுத்த நாளே விழுந்துவிடும். அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்தால் அடுத்த வீடியோவுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

புதுவரவு:
நன்றி அக்கா. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மலைப்பூண்டு:
நடுநிசி சார், ஒரு மொபைல் ஆப்பில் தேதியை 2029 ஏப்ரல் 13 என்று மாற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் இல்லையே, வேறெங்கோ காட்டுகிறது.

நடுநிசி:
நெருங்கி வரும் சிறுகோள்களுக்கு அந்த மாதிரி ஆப்களை நம்பவே கூடாது. காரணம் இரண்டு. பெரும்பாலான ஆப்கள் என்றோ இறக்கிவைத்த சுற்றுப்பாதை எண்களை வைத்து, சூரியனின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் வரும்போது பூமியே பாதையை வளைத்துவிடுகிறது. அடுத்தது இன்னும் முக்கியம். சில ஆப்கள் பூமியின் மையத்தில் நின்று பார்ப்பது போலக் காட்டும். நாம் நிற்பதோ மையத்திலிருந்து 6,378 கி.மீ. தள்ளி. நிலா தூரத்தில் இருக்கும் பொருளுக்கே இதனால் ஒரு பாகை வரை இடம் மாறும், அதாவது இரண்டு முழுநிலா அகலம். 70,000 கி.மீ.யில் ஐந்து பாகை வரை போகும்.

வான்பொருள்களின் நிலையைக் கணக்கிட்டுத் தரும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையதளத்துக்குப் போங்கள். இடம் என்ற கட்டத்தில் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் மூன்றையும் நீங்களே அடியுங்கள். கொடைக்கானலுக்கு 10.2 வடக்கு, 77.5 கிழக்கு, உயரம் 2.1 கி.மீ. என்று தோராயமாகப் போட்டால்கூடப் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலை கேட்டு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நேரம் யூடியில் (உலகப் பொது நேரம்) வரும், 5:30 கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டுக் காலி வானத்தைப் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர்.

கேத்தி:
நகர்வதைக் கண்ணால் பார்ப்பது என்றால் என்ன என்று ஒரு அனுபவம் சொல்கிறேன். 2015 குடியரசு தினத்தன்று 2004 பிஎல்86 என்ற சிறுகோள் பூமியைத் தாண்டிப் போனது. 12 லட்சம் கி.மீ. தூரம், சுமார் 325 மீட்டர் பாறை, அதற்கு ஒரு குட்டி நிலா வேறு உண்டு என்று ராடாரில் கண்டுபிடித்தார்கள். நம் நேரப்படி இரவு 9:50க்கு மிக அருகில். மேக்னிட்யூட் 9. எங்கள் பள்ளத்தாக்கில் ஜனவரி என்றால் கேரட் தோட்டத்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். 6 இஞ்ச் ரிஃப்ளெக்டர், மங்கிகுல்லா, கையுறை. பாதி நிலா மேற்கே இருந்ததால் வானம் முழு இருட்டும் இல்லை.

ஹைட்ரா விண்மீன் குழுவில் ஒரு முக்கோண நட்சத்திரக் கூட்டத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அப்புறம் பார்த்தால் முக்கோணத்துக்கு நாலாவது மூலை ஒன்று இருந்தது. மூச்சுக்காற்று ஐபீஸில் படியாமல் முகத்தைத் திருப்பி, துடைத்து, மறுபடி பார்த்தேன். நாலாவது மூலை ஒரு பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மணிக்கு இரண்டரைப் பாகை வேகம் அது, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே இடம் மாறியது தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு "ஓடுதே!" என்று சத்தம் போட்டார். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்து உறைபனி இரவு நிற்கலாம்.

சரி, மலைப்பூண்டு கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் நீலகிரியில் இருக்கிறேன், நீங்கள் பழனி மலையில். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே வானத்தைப் படம் எடுத்தால் பின்னணி நட்சத்திரங்களுக்கு எதிரே அபோபிஸ் வேறு வேறு இடத்தில் இருக்குமே. அந்த வித்தியாசத்திலிருந்து தூரத்தைக் கணக்குப் போடலாம் அல்லவா?

மொட்டைமாடி:
போடலாம். போட்டு என்ன ஆகப்போகிறது? ராடாரில் மீட்டர் கணக்கில் அளந்துவைத்திருக்கும் தூரத்தை நாம் கேமராவை வைத்துக்கொண்டு ஆயிரம் கி.மீ. பிசகோடு அளந்து யாருக்கு அனுப்புவது? குறை சொல்லவில்லை, உருப்படியாக என்ற வார்த்தையை அவர்தான் போட்டார்.

மலைப்பூண்டு:
அப்படிப் பார்த்தால் நம் ஊரில் யாருமே எதையும் செய்திருக்கக் கூடாது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உட்கார்ந்து 1861இலேயே போக்சன் 67 ஏசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1988இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் குழு 4130 ராமானுஜனைக் கண்டுபிடித்தது.

மொட்டைமாடி:
இரண்டு பேருக்கும் ஆய்வகமும் மாதச் சம்பளமும் இருந்தது தம்பி.

கேத்தி:
2012 டிஏ14 என்ற சிறுகோளைக் கண்டுபிடித்த லா சாக்ரா குழு அமெச்சூர்கள்தான். ஸ்பெயினில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் பல் டாக்டர். அந்தக் கல்தான் 2013 பிப்ரவரியில் 27,700 கி.மீ. உயரத்தில் நம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போனது.

நடுநிசி:
இதில் இரண்டு விஷயம் கலந்துபோகிறது, பிரித்துக்கொள்ளலாம்.

அறிவியலுக்குப் பயன்படும் வேலை அமெச்சூருக்கு உண்டு, ஆனால் அது பிரபலமான கல்லிடம் கிடையாது. புதிதாகக் கண்டுபிடித்த, பெயர்கூட வைக்காத, 18, 19 மேக்னிட்யூட் மங்கலான பொருள்களை அடுத்தடுத்த இரவுகளில் தொடர்ந்து அளந்து, சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானெட் சென்டருக்கு அனுப்புவதுதான் அந்த வேலை. அதற்குக் கண்காணிப்பு நிலையக் குறியீடு வாங்க வேண்டும், கூல்டு கேமரா வேண்டும், உங்கள் அளவீடு ஒரு ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்காவது துல்லியமாக இருக்க வேண்டும். சுழலும் கல்லின் ஒளி ஏறி இறங்குவதை மணிக்கணக்கில் பதிவு செய்வது இன்னொன்று. நட்சத்திரத்தைச் சிறுகோள் மறைக்கும் கணத்தை வீடியோவில் பிடிப்பது மூன்றாவது. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் அபோபிஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பிடித்த குழுவில் அமெச்சூர்கள் இருந்தார்கள். அந்த அளவீடு பாதையைத் திருத்த உண்மையிலேயே உதவியது.

கேத்தி சொல்லும் கொடைக்கானல்–ஊட்டிக் கணக்கு அந்த வகையில் சேராது. மொட்டைமாடி சொல்வது போல அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் படித்த பாரலாக்ஸை, அதாவது இரண்டு இடத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் இடமாற்றத்தை, தன் கையால், தன் ஊரிலிருந்து, ஒரு கல்லின் மேல் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் ஆயுளில் இன்னொரு முறை இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. என்னைக் கேட்டால் செய்ய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கணக்கு இதுதான். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் நேர்கோட்டில் சுமார் 155 கி.மீ. நள்ளிரவில் 70,000 கி.மீ. தூரம் என்று வைத்தால் இடமாற்றம் ஏழரை ஆர்க்மினிட் (60 ஆர்க்மினிட் ஒரு பாகை), முழுநிலா அகலத்தில் கால்வாசி. 50 எம்எம் லென்ஸில் சாதாரண டிஎஸ்எல்ஆரின் ஒரு பிக்சல் சுமார் 16 ஆர்க்செகண்ட், ஆக 28 பிக்சல் வித்தியாசம் வரும். தாராளமாக அளக்கலாம். டிரைபாட் போதும், 2 வினாடி எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. படத்தை ஆஸ்ட்ரோமெட்ரி.நெட்டில் ஏற்றினால் எந்த நட்சத்திரம் எது என்று அதுவே சொல்லிவிடும்.

திசையும் முக்கியம். கொடைக்கானலிலிருந்து ஊட்டி வடமேற்கே இருக்கிறது. எனவே கல் தென்கிழக்கில் தாழ்வாக இருந்தால் 155 கி.மீ.யில் பாதிகூடப் பயன்படாது. தென்மேற்கில் இருந்தால் முழுவதும் பயன்படும். நள்ளிரவை ஒட்டி அது அங்கேதான் வருகிறது.

மலைப்பூண்டு:
சார், இதற்கு நேரத்தை எவ்வளவு சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்?

நடுநிசி:
அதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அந்த நேரத்தில் கல் வினாடிக்குப் பன்னிரண்டு ஆர்க்செகண்ட் ஓடும். உங்கள் கேமராவும் கேத்தியின் கேமராவும் 5 வினாடி முன்பின் இருந்தால் ஒரு ஆர்க்மினிட் தவறு, ஏழரையில் ஒன்று. தூரத்தில் பத்தாயிரம் கி.மீ. பறந்துவிடும். டிஎஸ்எல்ஆர் கடிகாரத்தை நம்பாதீர்கள். மொபைலில் ஜிபிஎஸ் நேரம் காட்டும் ஆப்பைத் திறந்து, அந்தத் திரையை உங்கள் கேமராவால் ஒரு படம் எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். முடிந்ததும் இன்னொரு படம். கேமரா எத்தனை வினாடி தள்ளி ஓடுகிறது என்பது அந்த இரண்டு படத்தில் இருக்கும். இந்த விஷயத்தில் ஆப்பை நம்பலாம், ஜிபிஎஸ் எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புதுவரவு:
ஊட்டியில் அவ்வளவு பெரிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, அதை வைத்து நேரடியாக அளக்க முடியாதா?

கேத்தி:
முத்தோரையில் இருப்பது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு அந்த ஊர் அட்சரேகைக்குச் சமமான சாய்வில் இருப்பதால் அங்கே கட்டினார்கள், 1970இலிருந்து வேலை செய்கிறது. ஆனால் அது வருவதைக் கேட்கும் காது மட்டும்தான். ராடாருக்கு அலையை அனுப்பவும் வேண்டும். அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன் அதைச் செய்கிறது. அரெசிபோவும் செய்துகொண்டிருந்தது, 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. கொடைக்கானல் வானாய்வகத்தையும் யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அது சூரியனைப் பார்க்கும் இடம்.

குறிஞ்சிக்காடு:
பழனி மலைக்காரன் என்ற முறையில் சில விஷயம். பேரிஜம் பக்கம் என்று யாரும் திட்டம் போடாதீர்கள். வனத்துறை பகலிலேயே அனுமதிச் சீட்டோடுதான் விடுவார்கள், இரவுக்குப் பேச்சே இல்லை. மன்னவனூர், கவுஞ்சி பக்கம் யாராவது ஒருவர் பட்டா நிலத்தில், அவரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். சிவப்பு விளக்கோடு இருட்டில் நிற்கிறவனைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் சும்மா போக மாட்டார்கள், நியாயமும் அதுதான். அப்புறம் காட்டுமாடு. டவுனுக்குள்ளேயே நடமாடுகிறது, தோட்டத்துக்குள் வருவதற்குக் கேட்கவே வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், காரை ஓடிப்போய் ஏறுகிற தூரத்தில் வையுங்கள்.

ஏப்ரல் பற்றி இன்னொன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே வானம் தங்கம். ஏப்ரலில் மத்தியானம் மேகம் கூடி, சாயங்காலம் இடியோடு கோடைமழை பிடித்துக்கொள்ளும். சில நாள் எட்டு மணிக்கே வெளுத்து, கழுவிவிட்ட மாதிரி இருக்கும். சில நாள் மஞ்சு இறங்கி அடுத்த ஆளே தெரியாது. மலையை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மலைப்பூண்டு:
2028 ஜூன் 26 அன்று 2001 டபிள்யூஎன்5 என்று ஒன்று நிலாவை விடப் பக்கத்தில், இரண்டரை லட்சம் கி.மீ.யில் போகிறதே. கிட்டத்தட்ட ஒரு கி.மீ. பெரிய கல். அதை ஒத்திகையாக வைத்துக்கொண்டால்?

குறிஞ்சிக்காடு:
ஜூன் கடைசியில் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை. கேத்தி அக்கா குடை பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

கேத்தி:
குடையும் பறந்துவிடும். 2024 ஜூன் 29இல் 2024 எம்கே நிலாவை விட நெருங்கிப் போனதும் அதே மழைக்காலத்தில்தான்.

நடுநிசி:
ஒத்திகைக்குக் கல்லே வேண்டாம், நிலா போதும். பிறை நாளில் நிலா ஏதாவது பிரகாசமான நட்சத்திரத்தையோ கோளையோ ஒட்டி இருக்கும்போது இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் எடுங்கள். 3,84,400 கி.மீ.க்கு 155 கி.மீ. அடித்தளம் (இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம்) என்றால் இடமாற்றம் 1.4 ஆர்க்மினிட். 50 எம்எம்மில் ஐந்து பிக்சல்தான் வரும், 200 எம்எம் லென்ஸ் கிடைத்தால் இருபது. அதில் நிலாவின் தூரம் பத்து சதவீதப் பிசகுக்குள் வந்துவிட்டால் அபோபிஸ் இரவில் பயமே இல்லை.

மேகத்துக்கு ஒரு வழி தோன்றுகிறது. வரைபடத்தில் பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஊட்டி நேர்கோட்டில் 180 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கொடைக்கானலை விட நீளமான அடித்தளம், திசையும் தென்மேற்குக்கு ஒத்துவருகிறது. கொடைக்கானலை மேகம் மூடினால் மொட்டைமாடியின் மொட்டைமாடிதான் நமக்கு இரண்டாவது நிலையம். மூடாவிட்டாலும் மூன்று இடம் இருந்தால் ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடி:
வம்புக்குப் பேசினவனையே வேலைக்கு எடுத்துக்கொண்டீர்கள். என்னிடம் டிஎஸ்எல்ஆர் இல்லை, மொபைல்தான். நைட் மோடில் 5ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரம் வருகிறது, பார்த்திருக்கிறேன்.

நடுநிசி:
நைட் மோட் வேண்டாம். அது பல படங்களைச் சேர்த்து ஒட்டும், எந்த வினாடியில் எடுத்தது என்று சொல்ல முடியாது. ப்ரோ மோடில் 2 வினாடி வைத்து, ரா ஃபைலாக எடுங்கள். வைட் லென்ஸுக்குப் போகாதீர்கள். மொபைலின் மெயின் லென்ஸே அகலம்தான், இடமாற்றம் டிஎஸ்எல்ஆரில் வருவதை விடக் குறைவான பிக்சலில் வரும். 2X டெலி இருந்தால் நல்லது.

மொட்டைமாடி:
டெலி இருக்கிறது. ஒரே பிரச்சினை, என் மாடியில் தெற்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர் டேங்க். ஒன்பது மணிக்கு ஒன்றும் தெரியாது. தென்மேற்கும் மேற்கும் திறந்திருக்கும், சிறுமலை எதிர்ப்பக்கம்தான்.

நடுநிசி:
நமக்கு வேண்டியது பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரைதான். ஒன்பது மணியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பத்தாவது நிமிடமும் சரியாக 00 வினாடியில் மூன்று பேரும் ஷட்டரை அழுத்தினால் போதும். முதலில் நிலா ஒத்திகை. தேதியை மலைப்பூண்டு பார்த்து இங்கேயே போடட்டும்.